100 ஓட்டு, 3 வேட்பாளர், 3 வெற்றியாளர்: எந்தத் தேர்தல் முறை நியாயமானது? திருப்பூர் கணக்கோடு ஒரு விளக்கம்

2024 மக்களவைத் தேர்தலில் திருப்பூர் தொகுதியில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் கே.சுப்பராயன் வெற்றி பெற்றார். அவர் வாங்கியது சுமார் 41 சதவீத ஓட்டு. அதிமுகவுக்கு சுமார் 30 சதவீதம், பாஜகவுக்கு சுமார் 16 சதவீதம், நாம் தமிழர் கட்சிக்கு சுமார் 8 சதவீதம் கிடைத்தது. வெற்றி வித்தியாசம் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல்.

ரிசல்ட் வந்த அன்றைக்கே டீக்கடைகளில் ஒரு கூட்டல் கணக்கு ஓடியது. “அதிமுகவும் பாஜகவும் வாங்கின ஓட்டைக் கூட்டினா 46 சதவீதத்தைத் தாண்டுதே, ரெண்டு பேரும் ஒண்ணா நின்னிருந்தா?” என்பதுதான் அது. எதிர்க்கணக்கும் உண்டு. 2019-ல் அந்த இரண்டு கட்சிகளும் ஒரே கூட்டணியில்தான் இருந்தன. அப்போதும் சுப்பராயனே சுமார் 93 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆக, வெறும் கூட்டலை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது. பாஜகவுக்குப் போட்டவரின் இரண்டாவது விருப்பம் அதிமுகவா, திமுக கூட்டணியா, நோட்டாவா? வாக்கு இயந்திரத்துக்கு அது தெரியாது. ஏனென்றால், அது அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

தேர்தலை எப்படி நடத்துகிறோம், எதைக் கேட்கிறோம், எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து வெற்றியாளரே மாறலாம். அப்படியானால் எந்த முறை நியாயமானது?

‘நியாயம்’னு எதை வச்சு சொல்றது?

ஒரு டி-ஷர்ட் நல்ல சரக்கா என்று பார்க்க ஒரே ஒரு டெஸ்ட் போதாது. ஜிஎஸ்எம் சரியா, துவைத்தால் சுருங்குகிறதா, சாயம் போகிறதா, தையல் நிற்கிறதா என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒன்றில் பாஸ் ஆகும் துணி இன்னொன்றில் ஃபெயில் ஆகலாம்.

தேர்தல் முறைகளையும் அப்படித்தான் சோதிக்கிறார்கள். “எந்த முறையில் என் ஆள் ஜெயிப்பார்?” என்று பார்ப்பதில்லை. “இந்த முறை இந்த விதியை எப்போதும் காப்பாற்றுமா?” என்று பார்க்கிறார்கள். அந்த விதிகளுக்குப் பெயர்தான் நியாய அளவுகோல்கள். 18-ம் நூற்றாண்டில் பிரான்ஸைச் சேர்ந்த போர்டா, கொண்டோர்செ ஆகிய இருவரும் தொடங்கி வைத்த விவாதம் இது. இன்னும் முடியவில்லை.

ஒரு பனியன் கம்பெனி, மூன்று வேட்பாளர்கள்

கற்பனையாக ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 100 தொழிலாளர்கள். சங்கச் செயலாளர் பதவிக்குப் பவர்டேபிள் டெய்லர் ஒருவர், கட்டிங் மாஸ்டர் ஒருவர், செக்கிங் பிரிவு அம்மா ஒருவர் என மூன்று பேர் போட்டி. எல்லோரும் 1, 2, 3 என்று தங்கள் விருப்ப வரிசையை எழுதிக் கொடுக்கிறார்கள்.

- 40 பேர்: 1. டெய்லர், 2. செக்கிங், 3. கட்டிங்
- 35 பேர்: 1. கட்டிங், 2. செக்கிங், 3. டெய்லர்
- 25 பேர்: 1. செக்கிங், 2. கட்டிங், 3. டெய்லர்

இனி எண்ணலாம். சீட்டுகள் அதே சீட்டுகள்தான்.

முறை 1: அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி. நம் எம்பி, எம்எல்ஏ, கவுன்சிலர் தேர்தல் எல்லாம் இதுதான். முதல் விருப்பம் மட்டும் கணக்கு. 40 ஓட்டோடு டெய்லர் ஜெயிக்கிறார்.

முறை 2: கடைசி ஆளை நீக்கிக்கொண்டே வருவது. முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. 25 ஓட்டு மட்டும் வாங்கிய செக்கிங் நீக்கப்படுகிறார். அந்த 25 சீட்டுகளும் அவற்றில் இரண்டாவதாக இருக்கும் கட்டிங் மாஸ்டருக்குப் போகின்றன. கட்டிங் 60, டெய்லர் 40. கட்டிங் மாஸ்டர் ஜெயிக்கிறார்.

முறை 3: ஒருவருக்கு ஒருவர் நேருக்கு நேர். செக்கிங்கா டெய்லரா என்று பார்த்தால் செக்கிங் 60, டெய்லர் 40. செக்கிங்கா கட்டிங்கா என்று பார்த்தால் செக்கிங் 65, கட்டிங் 35. இரண்டு பேரையும் தனித்தனியாகத் தோற்கடிப்பவர் செக்கிங் அம்மா.

முறை 4: போர்டா புள்ளி. முதலிடத்துக்கு 2, இரண்டாமிடத்துக்கு 1, மூன்றாமிடத்துக்கு 0. டெய்லர் 80, கட்டிங் 95, செக்கிங் 125. இங்கேயும் செக்கிங்தான்.

ஒரு ஓட்டுகூட மாறவில்லை. கள்ள ஓட்டு இல்லை, எண்ணிக்கையில் தப்பும் இல்லை. ஆனால் மூன்று வெவ்வேறு பேர் ஜெயித்துவிட்டார்கள். “மக்கள் தீர்ப்பு” என்று நாம் சொல்வதில், எண்ணும் முறையின் தீர்ப்பும் கலந்தே இருக்கிறது.

முக்கியமான 6 அளவுகோல்கள்

1. பெரும்பான்மை விதி

பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒருவரை முதலிடத்தில் வைத்தால், அவரே ஜெயிக்க வேண்டும். கேட்க எளிது. நம் வழக்கமான முறையும், நீக்கிக்கொண்டே வரும் முறையும் இதில் பாஸ். போர்டா ஃபெயில். உதாரணமாக 51 பேர் டெய்லர், கட்டிங், செக்கிங் என்றும், 49 பேர் கட்டிங், செக்கிங், டெய்லர் என்றும் எழுதினால் டெய்லருக்கு 102 புள்ளி, கட்டிங்குக்கு 149. பாதிக்கு மேல் ஆதரவு உள்ளவர் தோற்றுவிடுகிறார்.

2. கொண்டோர்செ விதி

எல்லோரையும் நேருக்கு நேர் தோற்கடிக்கும் ஒருவர் இருந்தால் அவர் ஜெயிக்க வேண்டும். நம் உதாரணத்தில் அது செக்கிங் அம்மா. வழக்கமான முறை அவரைக் கடைசி இடத்தில் வைத்தது. நீக்கும் முறையோ முதல் ஆளாக வெளியே அனுப்பியது. பலருக்கும் ‘பரவாயில்லை’ என்று தோன்றுகிற, ஆனால் தனக்கென்று பெரிய பட்டாளம் இல்லாத வேட்பாளர் இப்படித்தான் நடுவில் நசுங்கிப் போவார்.

இதன் மறுபக்கம்: எல்லோரிடமும் நேருக்கு நேர் தோற்பவர் ஜெயிக்கவே கூடாது. டெய்லர் இருவரிடமும் 40-க்கு 60 என்று தோற்கிறார். ஆனால் வழக்கமான முறையில் ஜெயித்தது அவர்தான்.

3. மூன்றாவது ஆள் விதி

ஜெயிக்க முடியாத ஒருவர் போட்டியில் இருப்பதாலோ, விலகுவதாலோ முடிவு மாறக்கூடாது. வழக்கமான முறை இதில்தான் மோசமாகச் சறுக்குகிறது. கட்டிங் மாஸ்டர் வாபஸ் வாங்கினால் செக்கிங் 60-க்கு 40 என்று ஜெயிக்கிறார். செக்கிங் வாபஸ் வாங்கினால் கட்டிங் 60-க்கு 40 என்று ஜெயிக்கிறார். இருவரும் நின்றால் மட்டும் டெய்லர்!

‘ஓட்டைப் பிரிப்பது’ என்று நாம் சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டுக் கட்சிகள் கொள்கையைவிட கூட்டணிப் பேச்சுவார்த்தையில் அதிக நேரம் செலவிடுவதற்கு இந்த விதி மீறல் ஒரு பெரிய காரணம். 2024-ல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரில் மேலும் சிலர் மனு போட்டதும் நினைவிருக்கும். பெயர் குழப்பத்தால் சில ஓட்டு பிரிந்தாலும் இந்த முறையில் அடி விழும்.

4. ஏற ஏற இறங்கக்கூடாது

ஒருவருக்கு ஆதரவு கூடினால் அதனாலேயே அவர் தோற்கக்கூடாது. அப்படியும் நடக்குமா? நடக்கும். நீக்கிக்கொண்டே வரும் முறையில் நடக்கும். அதே கம்பெனியில் அடுத்த தேர்தல் என்று வைத்துக்கொள்வோம்.

- 39 பேர்: டெய்லர், கட்டிங், செக்கிங்
- 35 பேர்: கட்டிங், செக்கிங், டெய்லர்
- 26 பேர்: செக்கிங், டெய்லர், கட்டிங்

செக்கிங் நீக்கப்பட, அந்த 26 ஓட்டும் டெய்லருக்குப் போய் அவர் 65-க்கு 35 என்று ஜெயிக்கிறார். சரி. இப்போது கட்டிங் ஆதரவாளர்களில் 10 பேர் மனம் மாறி டெய்லரை முதலிடத்தில் வைக்கிறார்கள். டெய்லர் 49, கட்டிங் 25, செக்கிங் 26. இந்த முறை நீக்கப்படுவது கட்டிங். அவருடைய 25 ஓட்டும் செக்கிங்குக்குப் போகிறது. செக்கிங் 51, டெய்லர் 49. பத்து ஓட்டு கூடுதலாக வாங்கியதால் டெய்லர் தோற்றுவிட்டார்!

வழக்கமான முறையும் போர்டாவும் இதில் பாஸ். அங்கே ஆதரவு கூடினால் நஷ்டம் வராது.

5. பொய் சொல்லத் தூண்டக்கூடாது

மனதில் உள்ளதை உள்ளபடி எழுதினால் நஷ்டம் என்ற நிலை வரக்கூடாது. “அவருக்குப் போட்டா ஓட்டு வீணாயிடும்” என்று நினைத்து, பிடித்தவரை விட்டுவிட்டு ஜெயிக்கக்கூடியவருக்குப் போடுகிறோமே, அதுதான் இந்த மீறல். நீக்கும் முறையும் தப்பவில்லை. முதல் உதாரணத்தில் டெய்லரின் 40 பேருக்குக் கிடைத்தது அவர்களுடைய கடைசி விருப்பமான கட்டிங். அவர்களில் 11 பேர் செக்கிங்கை முதலில் எழுதியிருந்தால், டெய்லர் 29 ஓட்டோடு நீக்கப்பட்டு, செக்கிங் ஜெயித்திருப்பார்.

6. இரண்டாவது விருப்பம் முதல் விருப்பத்தைக் கெடுக்கக்கூடாது

2 என்று ஒருவர் பெயரை எழுதினால், 1 என்று எழுதியவருக்கு அதனால் சேதம் வரக்கூடாது. நீக்கும் முறையில் இரண்டாவது விருப்பம், முதல் ஆள் வெளியேறிய பிறகுதான் பார்க்கப்படும். எனவே பாஸ். போர்டாவில் நான் இரண்டாமவருக்குக் கொடுக்கும் ஒரு புள்ளியே என் முதல் ஆளைத் தோற்கடிக்கலாம். ஃபெயில்.

அப்போ எல்லாத்துலயும் பாஸ் ஆகற முறை எது?

இரண்டே பேர் போட்டியிட்டால் பிரச்சனையே இல்லை. வாக்காளர்களையும் வேட்பாளர்களையும் சமமாக நடத்தி, ஆதரவு கூடுவதை மதிக்கும் முறை சாதாரணப் பெரும்பான்மை மட்டுமே என்று 1952-ல் கென்னத் மே நிரூபித்தார். மூன்றாவது ஆள் வந்ததும்தான் தலைவலி.

மேலே உள்ள இரண்டாவது உதாரணத்தில் 10 பேர் மனம் மாறுவதற்கு முந்தைய கணக்கை மறுபடியும் பாருங்கள். நேருக்கு நேர் வைத்தால் டெய்லர் கட்டிங்கைத் தோற்கடிக்கிறார் (65-35). கட்டிங் செக்கிங்கைத் தோற்கடிக்கிறார் (74-26). செக்கிங் டெய்லரைத் தோற்கடிக்கிறார் (61-39). வட்டமாகச் சுற்றுகிறது. யாரை ஜெயிக்க வைத்தாலும், “எங்களுக்கு இன்னொருவரே மேல்” என்று சொல்ல ஒரு பெரும்பான்மை இருக்கும். இதை 1785-லேயே கவனித்தவர் கொண்டோர்செ.

1951-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ இதைப் பொதுவாகவே நிரூபித்துவிட்டார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வேட்பாளர்கள் இருந்து, எல்லோரும் எப்படி வேண்டுமானாலும் வரிசை எழுதலாம் என்றால், (அ) எல்லோரும் ஒருவரை மேலே வைத்தால் முடிவிலும் அவர் மேலே இருக்க வேண்டும், (ஆ) மூன்றாவது ஆளால் இருவருக்கு இடையிலான முடிவு மாறக்கூடாது, (இ) ஒரே ஒருவரின் விருப்பமே எப்போதும் முடிவாகக்கூடாது என்ற மூன்றையும் ஒன்றாகக் காப்பாற்றும் தரவரிசை முறை கிடையாது. 1972-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. பொய் சொல்லத் தூண்டாத முறையும் கிட்டத்தட்ட சாத்தியமில்லை என்று 1970-களில் கிப்பார்ட், சாட்டர்த்வெயிட் இருவரும் தனித்தனியாகக் காட்டினார்கள்.

அதற்காக “எல்லாம் ஒண்ணுதான்” என்று விட்டுவிட வேண்டியதில்லை. எந்தக் குறையை நம்மால் பொறுத்துக்கொள்ள முடியும், எதை முடியாது என்று தெரிந்து தேர்ந்தெடுக்கலாம் என்பதே இதன் பொருள்.

இந்தியாவில் 1, 2, 3 எழுதும் தேர்தல் உண்டா?

உண்டு. நாம் எழுதுவதில்லை, நம் பிரதிநிதிகள் எழுதுகிறார்கள். மாநிலங்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 234 எம்எல்ஏக்களும் விருப்ப வரிசைதான் குறிக்கிறார்கள். 6 இடங்கள் காலி என்றால், ஒருவர் ஜெயிக்க 34 எம்எல்ஏக்களின் ஆதரவு போதும். அதனால்தான் அங்கே எதிர்க்கட்சிக்கும் பலத்துக்கு ஏற்ப இடம் கிடைக்கிறது.

குடியரசுத் தலைவர் தேர்தலும் அப்படித்தான். 1969-ல் வி.வி.கிரி முதல் விருப்பத்தில் 4,01,515 மதிப்பு ஓட்டுகள் பெற்றார். தேவைப்பட்டது 4,18,169. மற்ற வேட்பாளர்களின் சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பங்களை எண்ணிய பிறகு 4,20,077 பெற்று, நீலம் சஞ்சீவ ரெட்டியை வென்றார்.

பக்கத்தில் இலங்கையில் சாதாரண வாக்காளரே அதிபர் தேர்தலில் மூன்று விருப்பங்கள் வரை குறிக்கலாம். 2024 செப்டம்பர் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க முதல் சுற்றில் 42.31 சதவீதமும், சஜித் பிரேமதாச 32.76 சதவீதமும் பெற்றனர். யாருக்கும் பாதி இல்லை என்பதால், அந்நாட்டு அதிபர் தேர்தல் வரலாற்றில் முதல்முறையாக இரண்டாவது எண்ணிக்கை நடந்து அநுர ஜெயித்தார். ஆனால் கணிசமானோர் ஒரே ஒரு விருப்பத்தோடு நிறுத்திவிட்டார்கள். வசதி இருந்தாலும் பழக்கம் வர நாளாகும்.

ஒரு தொகுதி சரி, மொத்த மாநிலம்?

ஓட்டு சதவீதத்துக்கு ஏற்ப இடம் கிடைக்க வேண்டும் என்பது இன்னொரு அளவுகோல். 2014 மக்களவைத் தேர்தலில் அதிமுக சுமார் 44 சதவீத ஓட்டில் 39-க்கு 37 இடங்களைப் பிடித்தது. இருபது சதவீதத்துக்கும் மேல் வாங்கிய திமுகவுக்கு ஒன்றுகூட இல்லை. 2024-ல் திமுக கூட்டணி சுமார் 47 சதவீதத்தில் 39-க்கு 39. இதில் கட்சி பேதமில்லை. இன்றைக்கு லாபம் பார்ப்பவர் நாளைக்கு நஷ்டம் பார்ப்பார்.

இது கம்பெனி கேட்டுக்குள்ளேயும் வருது

திருப்பூர்காரர்களுக்கு இதில் நேரடியாகச் சம்பளம் சம்பந்தப்பட்ட ஒரு இடம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின்படி, ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், மஸ்டர் ரோலில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதமோ அதற்கு மேலோ ஆதரவு உள்ள சங்கமே நிர்வாகத்தோடு பேசும் ஒரே சங்கம். அப்படி யாரும் இல்லையென்றால் பேச்சுவார்த்தைக் குழு அமைக்கப்படும். அதில் இடம் பெற குறைந்தது 20 சதவீத ஆதரவு வேண்டும். ஒவ்வொரு 20 சதவீதத்துக்கும் ஒரு பிரதிநிதி.

நம் அளவுகோல்களை வைத்துப் பாருங்கள்.

- 51 சதவீதம் உள்ள சங்கத்துக்கே முழு உரிமை என்பதால் பெரும்பான்மை விதி பாஸ். ஆனால் மீதி 49 சதவீதம் பேருக்கு மேஜையில் நாற்காலி இல்லை.
- ஒரே கோரிக்கை வைக்கும் இரண்டு சங்கங்களுக்கு தலா 26 சதவீதம் இருந்தால், சேர்ந்து பெரும்பான்மை. பிரிந்து நின்றால் இருவருக்குமே தனி உரிமை இல்லை. மூன்றாவது ஆள் பிரச்சனையேதான்.
- 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் சங்கத்தில் சேர்வது ‘வீண்’ என்ற எண்ணம் வரும். உண்மையான விருப்பத்தை மறைக்கத் தூண்டும்.
- சதவீதம் கணக்கிடப்படுவது மஸ்டர் ரோலில் உள்ள பெயர்களை வைத்து. அந்த ரோலில் பெயர் இல்லாதவர், எந்த முறையில் எண்ணினாலும் பூஜ்யம்.

எளிமையும் ஒரு நியாயம்தான்

கணக்கில் அழகாக இருக்கும் முறை பூத்தில் வேலைக்கு ஆகுமா? 1996 சட்டமன்றத் தேர்தலில், பக்கத்து ஈரோடு மாவட்டத்தின் மொடக்குறிச்சித் தொகுதியில் விவசாயிகள் தங்கள் கோரிக்கைகளைக் கவனிக்க வைப்பதற்காகக் கூட்டம் கூட்டமாக மனு போட்டார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டை ஒரு புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியிருந்தது. அந்தப் புத்தகத்தில் 1, 2, 3 என்று வரிசை எழுதச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அதே ஆண்டில் சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

வழக்கமான முறையின் பெரிய பலம் இங்கேதான். ஒரு பட்டன், பூத் வாரியாக எண்ணிக் கூட்டினால் முடிந்தது. யாரும் சரிபார்க்கலாம். நீக்கும் முறையில் எல்லா பூத் சீட்டுகளின் கணக்கும் ஒன்றாக வந்தால்தான் யாரை நீக்குவது என்றே தெரியும்.

ஓட்டே இல்லாதவர்களுக்கு?

எண்ணும் முறையைப் பற்றி இவ்வளவு பேசும்போது ஒன்றை மறக்கக்கூடாது. பனியன் கம்பெனிகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து வேலை செய்பவர்களில் பலருக்கு ஓட்டு சொந்த ஊரில் இருக்கிறது. தேர்தல் நாளில் ஆர்டர் முடிக்க வேண்டியிருந்தாலோ, ரயில் டிக்கெட் கிடைக்காவிட்டாலோ அந்த ஓட்டு போடப்படாது. வெளியூரிலிருந்தே ஓட்டுப்போடும் இயந்திரத்தை 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட தேர்தல் ஆணையம் கூட்டம் நடத்தியது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகளைக் கையாளும் மாதிரி அது. எதிர்க்கட்சிகள் எதிர்ப்புத் தெரிவித்தன. 2024 தேர்தலில் அது பயன்பாட்டுக்கு வரவில்லை.

சுருக்கமா சொன்னா

- யார் வேண்டுமானாலும் சரிபார்க்கும் எளிமை முக்கியம் என்றால்: அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி. விலை: ஓட்டுப் பிரிப்பு.
- ‘ஓட்டு வீணாகும்’ பயம் குறைய வேண்டும் என்றால்: நீக்கிக்கொண்டே வரும் முறை. விலை: ஆதரவு கூடினாலும் தோற்கும் விநோதம்.
- பெரும்பாலோருக்கு ஏற்புடையவர் வேண்டும் என்றால்: நேருக்கு நேர் ஒப்பீடு. விலை: சில சமயம் வட்டமாகச் சுற்றி முடிவே வராது.
- எல்லாத் தரப்புக்கும் இடம் வேண்டும் என்றால்: மாநிலங்களவை போன்ற விகிதாச்சார முறை. விலை: சிக்கலான எண்ணிக்கை.

அடுத்த முறை உங்கள் சங்கத்திலோ, அபார்ட்மென்ட்டிலோ, கோயில் கமிட்டியிலோ தேர்தல் வந்தால், யார் நிற்கிறார்கள் என்று கேட்பதற்கு முன்னாடி இன்னொன்றைக் கேளுங்கள்: “எப்படிங்க எண்ணப் போறீங்க?” வேட்பாளர் பட்டியல் வருவதற்கு முன்பே அதை முடிவு செய்துவிடுவது நல்லது. பெயர்கள் தெரிந்த பிறகு, எல்லோருக்கும் தன் ஆளை ஜெயிக்க வைக்கும் முறைதான் நியாயமாகத் தெரியும்.